நான் சுற்றிவைத்த கசெற்றுகள்

சாகிற படங்களில் வரும் நோயாளிகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. சாகக் கிடக்கிறவனுக்குத் தலைமயிர் கலையாது. இருமினால் வெள்ளைக் கைலேஞ்சியில் அளவாக ஒரு பொட்டு இரத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே இரண்டு பாட்டு வேறு. ஆனாலும் அந்தப் படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். கலியாணம் செய்த புதிதில், ரவுணில் அழுகைப் படம் ஓடினால் எங்கள் ஊர் தோட்டவெளியிலிருந்து அவருடைய சைக்கிளில் போவோம். வில்லன் செத்தாலும் அழுகிற ஆள் நான். அவர் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு தன்னுடைய லேஞ்சியைத் தருவார்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று கொழும்பில் கண்டுபிடித்தார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நோயின் பெயரை வீட்டில் நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. "வயித்துப் புண்தானே, மாறிடும்" என்பார். "ஓம், மாறிடும்" என்பேன். அவருக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பதே எனக்குத் தெரியாது. ஒருநாளாவது என்னிடம் வாய் திறந்து சொல்லமாட்டாரா என்று காத்திருந்தேன்.

தவக்காலம் வந்தது. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் அந்த நாற்பது நாளும் விருப்பமான ஒன்றை ஒறுத்து நடப்பார்கள். ஒருவர் மீன் மச்சத்தை விடுவார், ஒருவர் வெற்றிலையை விடுவார். எதை விட்டேன் என்று வெளியில் சொன்னால் பலன் போய்விடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. விபூதிப் புதனன்று நான் மாதாவின் காலடியில் படம் பார்ப்பதை விட்டேன். நாற்பது நாளுக்கு மட்டுமல்ல, அவருக்குச் சுகம் வரும்வரை.

அடுத்த கிழமையே நானா ரீவியும் டெக்கும் கொண்டுவந்து இறக்கினார். எங்களிடம் வருடக்கணக்காகக் கருவாடு வாங்கிய முஸ்லிம் வியாபாரி அவர்; அண்ணன் முறையில் நானா என்போம். என் கணவருக்கு உயிர்ச் சிநேகிதர். சவூதியிலிருந்து மருமகன் கொண்டுவந்த சாமான்களை, படுத்துக்கிடக்கிற மனிசனுக்குப் பொழுது போகட்டும் என்று எங்கள் வீட்டில் வைத்தார். மாதாவுக்கு என்னோடு என்ன கோபமோ என்று நினைத்தேன்.

நானா மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, ரவுணில் வாடகைக்கு எடுத்த ஒரு கசெற்றோடு வருவார். பின்னேரம் அஸர் பாங்கு சொன்னதும் எழும்பிப் போவார். என்ன படம் வேண்டும் என்று கேட்டால் என் கணவர் சொல்வது ஒன்றுதான்: "ஆரும் சாகிற படமாப் பாத்து எடுங்கோ நானா." நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருப்பேன். முதலில் படத்தின் சத்தம் கேட்கும். பிறகு படத்துக்கு மேலால் இவர்கள் இரண்டு பேரும் கதைப்பது கேட்கும். ஒருநாள் அவருடைய குரல் தெளிவாகவே கேட்டது.

"எனக்குப் பயமாக் கிடக்கு நானா."

பதினொரு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். அந்தப் பயத்தை எனக்குத் தராமல் ஒரு கருவாட்டு வியாபாரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த பொறாமையை எந்தப் பெண்பிள்ளை மேலும் நான் பட்டதில்லை. நானாவுக்குக் கொடுத்த தேத்தண்ணியில் சீனி போடவில்லை. அந்த மனிசன் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் போனார். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நானா போனபிறகு அநேகமான நாட்களில் அவர் என்னைக் கூப்பிடுவார்.

"இஞ்சரும், கடைசிக் கட்டம் மட்டும் கிடக்கு. வந்து பக்கத்தில இருமன்."

"எனக்கு வேலை கிடக்கு. நாளைக்கு நானாவோட இருந்து பாருங்கோ."

வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. நேர்த்தியைச் சொல்லக்கூடாது, அதனால் சொன்ன பொய். கோவிலில் பாதிரியார் சுவாமியிடம் கேட்டிருந்தால் அந்த நேர்த்தியை வேறொன்றாக மாற்றித் தந்திருப்பார். நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், என் பொறாமைக்கு அந்த நேர்த்தி வசதியாக இருந்தது. எச்சில் சோறு போல மிச்சப் படம் எனக்கு எதற்கு என்று நினைத்தேன்.

காலையில் முதல் வேலையாகக் கசெற்றை முதலிலிருந்து பார்க்கிற மாதிரி முழுக்கச் சுற்றி வைப்பேன். சுற்றாமல் கொடுத்தால் கடைக்காரன் ஏசுவான் என்பது சாட்டு. டெக் கிறீச்சிட்டுக்கொண்டு பின்னுக்கு ஓடும்போது மனதுக்கு ஒரு சுகம்.

"சுத்திப் போட்டீரோ?" என்று படுக்கையிலிருந்து கேட்பார்.

"ஓம்."

"சரி."

தவக்காலம் முடிந்து, உயிர்த்த ஞாயிறுப் பெரிய திருநாளும் கழிந்தது. அவருக்குச் சுகம் வரவில்லை. ஒரு பின்னேரம், நானா போய்க் கொஞ்ச நேரத்தில், நினைவு தப்பியது. மூன்றாம் நாள் காலமானார். தலைமயிர் கலைந்துதான் கிடந்தது. என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, சாப்பாடும் முடிந்தபிறகு நானா ரீவியையும் டெக்கையும் எடுக்க வந்தார். கடைசியாகப் பார்த்த கசெற் டெக்குக்குள்ளேயே கிடந்தது. பழக்கத்தில் சுற்றுவதற்குக் கை வைத்தேன்.

"சுத்தாதீங்க தங்கச்சி" என்று நானா பதறினார். "அவன் உங்களுக்கெண்டு நிப்பாட்டி வச்ச இடம்."

எனக்கு விளங்கவில்லை.

"எல்லாப் படத்தையும் சாகிற கட்டத்துக்கு முன்னால நிப்பாட்டிருவான். இன்னும் அஞ்சு நிமிசந்தானே, பாத்துட்டுப் போறனே எண்டு நானும் கேட்டுப் பாத்தன். இல்ல நானா, இத அவளோட இருந்துதான் பாக்கணும், என்னால வாய் திறந்து சொல்ல ஏலாது, படம் சொல்லட்டும் எண்டான். நீங்க வரல்ல எண்டதும் அடுத்த நாள் வேற படம் எடுக்கச் சொல்லுவான்."

எத்தனை கசெற். எத்தனை தரம் எனக்காக ஓர் இடத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, விடிந்ததும் நான் அதைச் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அந்தப் படுக்கையில் கிடந்திருப்பார். அந்தச் "சரி" என்ன சரி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"போடுங்கோ நானா" என்றேன். இனிக் காப்பதற்கு நேர்த்தி எதுவும் இல்லை.

படத்தில் கதாநாயகன் கட்டிலில் கிடந்தான். பெண்சாதி பக்கத்தில் இருந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் அவளிடம் சொன்னான். நான் இருக்கிறேன் என்று அவள் சொன்னாள். வேறொன்றும் இல்லை, அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட வரவில்லை.

வில்லன் செத்தாலும் அழுகிறவளுக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. நானா தன்னுடைய லேஞ்சியை நீட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பூசின முகமும் பொய்க் கண்ணீருமாக, கூப்பிட்ட உடனே வந்து அந்தக் கட்டிலில் இருந்துவிட்டாள். அவள் மேல் எனக்கு வந்த பொறாமை நானா மேல்கூட வந்ததில்லை. அது இன்னும் ஆறவில்லை.