வெர்னிட்டா எழுதிக் கொடுத்த பாதி

வெர்னிட்டா கோலாரின் கோபம் நெப்ராஸ்கா மாநிலத்து மணல்மேட்டு வட்டாரம் முழுக்கப் பிரசித்தம். பசு கன்று போடும் நேரத்தில் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போன பாதிரியாரைப் பாதியில் உட்காரச் சொன்னவள் அவள். ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை என்று வந்தால் முதலில் தன் தப்பைச் சொல்ல வேண்டும், பிறகுதான் எதிராளியின் தப்பு. அப்படிச் சொல்லாதவனுக்கு அவள் அப்பா காலத்திலிருந்தே சாப்பாட்டு மேஜையில் இடமில்லை.

அந்த நல்ல வழக்கம்தான் அவளை டெக்சஸ் வரை இழுத்துக்கொண்டு போனது.

ராய்ஸ் டேட்டம் டெக்சஸ்காரன். பணக்காரன். யாரோ சொல்லக் கேட்டு, அவனாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவளுடைய சிவப்புப் பெட்டைக் குதிரையை விலைக்குப் பார்த்தான். பூட்ஸ் குதிகாலில் குதிமுள் மாட்டிக்கொண்டு ஏறாதே என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே ஏறி, குதிரையின் விலாவில் அந்த முள்ளால் ஒரு குத்து குத்தினான். கயிறு அவள் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பிடி தளர்ந்திருந்தது. விழுந்தவனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

நான்கு மாதம் கழித்து அவன் ஊர் நீதிமன்றத்திலிருந்து தாள் வந்தது. அவளுடைய மேய்ச்சல் நிலத்தையே விழுங்கிவிடும் அளவுக்கு நஷ்டஈடு கேட்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்கே சமையலறை மேஜையில் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். 'கயிற்றை நான் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பாதித் தப்பு என்னுடையது. மீதிப் பாதி அந்தத் திமிர் பிடித்தவனுடையது.' கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் வக்கீலைத் தேடினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

டெக்சஸ் வக்கீல் ரமோனா எஸ்கொபெடோ போனில் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெர்னிட்டா, நீங்க டெக்சஸுக்கு எப்பவாவது வந்திருக்கீங்களா? இங்க ஏதாவது வித்திருக்கீங்களா? விளம்பரம் கொடுத்திருக்கீங்களா?"

"அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல."

"அப்போ 'என்னைக் கூப்பிட உங்களுக்கு அதிகாரம் இல்ல'ன்னு முதல்ல சொல்லியிருந்தா, கேஸ் வாசல்லயே செத்திருக்கும். நீங்க குதிரையப் பத்தி நாலு பக்கம் பதில் எழுதிட்டீங்க. பதில் சொன்னா, அந்தக் கோர்ட்டை ஏத்துக்கிட்டதா அர்த்தம்."

"கேட்டதுக்குப் பதில் சொன்னது ஒரு குத்தமா? என்னய்யா சட்டம் இது, திருடனுக்கு வசதியா!"

"கத்தாதீங்க. இன்னொரு வழி இருக்கு. கோர்ட் எங்களுது, ஆனா எந்த ஊர்ச் சட்டம்னு இன்னும் முடிவாகல. ரெண்டு பேர் தப்பும் சரிபாதின்னு ஜூரி சொன்னா, எங்க சட்டப்படி அவனுக்குப் பாதிப் பணம். உங்க ஊர்ச் சட்டப்படி ஒரு காசு கிடையாது. ஆனா உங்க சட்டம்தான் வேணும்னு நாமதான் எழுதிக் கேக்கணும். கேக்காட்டி, ரெண்டும் ஒண்ணுதான்னு விட்டுடுவாங்க."

வெர்னிட்டா மேஜையில் ஓங்கி அடித்தாள்.

"அப்போ வாயத் திறந்ததுக்கு ஒரு தண்டனை, திறக்காட்டி ஒரு தண்டனை. நல்லா இருக்கு வக்கீலம்மா உங்க பொழப்பு!"

வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடம் ஆனது. கன்று போடும் காலத்தில் மந்தையைப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் விட்டுவிட்டு, இரண்டு நாள் வண்டி ஓட்டிப் போனாள். அங்கே உணவகத்தில் சில்லி என்ற காரமான இறைச்சிக் குழம்பு கேட்டாள்; அவள் ஊரில் போல அதனோடு இனிப்பான இலவங்கப்பட்டை ரோல் வரவில்லை. கேட்டதற்குப் பரிமாறுகிறவள் சிரித்தாள். சில்லிக்கு ரோல் வைக்கத் தெரியாதவர்களா தன் நிலத்துக்குத் தீர்ப்பு சொல்வார்கள் என்று வெர்னிட்டாவுக்கு எரிந்தது.

நீதிமன்றத்தில் ராய்ஸின் வக்கீல் அவளுடைய கடிதத்தையே தூக்கிக்காட்டி உரக்கப் படித்தான். "பாதித் தப்பு என்னுதுன்னு இந்த அம்மாவே ஒத்துக்கிட்டாங்க!" குதிமுள் பற்றிக் கேட்டபோது ராய்ஸ், "அப்படி யாரும் எங்கிட்ட சொல்லவே இல்ல" என்று சத்தியம் செய்தான். வெர்னிட்டா பல்லைக் கடித்த சத்தம் பக்கத்தில் இருந்த ரமோனாவுக்குக் கேட்டது.

ஜூரி அவனை முழுதாக நம்பவில்லை. அவளையும் முழுதாக விடவில்லை. ஆளுக்கு ஐம்பது சதவீதம் என்றது. ராய்ஸ் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். அவனுக்குப் பாதி என்றாலும் அவளுக்கு நிலம் போய்விடும்.

நெப்ராஸ்கா சட்டம்தான் வேண்டும் என்று ரமோனா கொடுத்திருந்த மனுவை நீதிபதி புரட்டினார்.

"விழுந்தது நெப்ராஸ்காவுல. குதிரையும் அந்த ஊரு. இவரு தேடிப் போய் ஏறியிருக்காரு. அதனால அந்த ஊர்ச் சட்டம்தான் இங்க செல்லும். அதுப்படி, சரிபாதித் தப்பு செஞ்சவருக்கு நஷ்டஈடு கிடையாது."

நிலம் தப்பியது. ஆனாலும் வெர்னிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடக் கோபம் ஒரு வாக்கியத்தில் இறங்கிவிடுமா?

வெளி வராந்தாவில் ராய்ஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து கையை நீட்டினான். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க மேடம்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

"என் பாதிய நான் ரெண்டு வருஷம் முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். உன் பாதியப் பத்தி நீ இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லிட்டுக் கைய நீட்டு."

நீட்டிய கை மெல்ல மடங்கியது. பிறகு கோட்டுப் பைக்குள் போனது.