சாமியாத்தாள் அக்காவும் டூப்ளிகேட் லினக்ஸும்

மண்டி மொஹல்லாவில் ஸ்கூட்டர் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில், ஒன்பதாவது கடையின் கவுண்டரில் நிற்பவர் சாமியாத்தாள் அக்கா. வயது முப்பத்தெட்டு. மாதேஸ்வரன் மலைப் பக்கத்து மார்டள்ளிக்காரர். கல்யாணமாகி மைசூர் வந்தவர், கடைக்காரர் நஞ்சுண்டசாமியிடம் வேலைக்குச் சேர்ந்து பதிமூன்று வருஷமாகிறது. இந்தச் சந்தில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் ஒரே பெண் அவர்தான். ஆனால் அவரைப் பற்றி யாரும் முதலில் சொல்வது அதை அல்ல. அவருடைய மூக்கைப் பற்றித்தான் சொல்வார்கள்.

பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள் எதுவாக இருந்தாலும் முகர்ந்து பார்ப்பார். அட்டைப்பெட்டியை நகத்தால் ஒரு கீறு கீறுவார். ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு ஏஜெண்ட் இருநூறு பிரேக் ஷூ கொண்டுவந்து சத்தியம் செய்தார். அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, இது ஒரு மழைக்குக்கூட நிற்காது என்று மூட்டையோடு திருப்பி அனுப்பினார். அடுத்த கடைக்காரர் அதை வாங்கினார். முதல் மழையில் அவர் கடை முன்னால் கூடிய கூட்டத்தை இந்தச் சந்து இன்னும் பேசுகிறது.

அதனால்தான் 1999 நவம்பரில் நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தை அவரை அப்படிக் குத்திவிட்டது.

கடைக்கு மேல் மாடியில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்தேன். கடையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதில் அக்கா ஏழு மாதம் உட்கார்ந்து மூவாயிரத்து நானூறு சாமான்களின் பட்டியலை அடித்திருந்தார். எந்தச் சாமான் எந்த ரேக்கில், எந்தப் பெட்டியில் என்று எல்லாம் அதில்தான். பட்டியலை நம்பி, பெட்டிகளின் மேல் வெறும் எண்ணை மட்டும் ஒட்டிவிட்டார்கள். நான் அந்த விண்டோஸைப் பார்த்து, இது காப்பி போட்டதுதானே அக்கா, காசு கொடுத்து வாங்கியது இல்லையே என்றேன்.

அக்கா கையில் இருந்த கேபிளைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன நாளா நானு டூப்ளிகேட் மேல உக்காந்துட்டுத்தானா ஒரிஜினல் வித்தேன்?" என்று கேட்டார். அன்று முழுக்க அந்தத் திரையை அவர் பார்க்கவே இல்லை. வாடிக்கையாளர் கேட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு கீபோர்டைத் தட்டினார்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸைப் பற்றி நான் சொன்னேன். எனக்கு அப்போது லினக்ஸ் என்றால் பைத்தியம், யாராவது மணி கேட்டால்கூட லினக்ஸைப் பற்றித்தான் சொல்வேன். இலவசம், யார் வேண்டுமானாலும் காப்பி போடலாம், காப்பியும் ஒரிஜினல்தான் என்றேன். அக்காவுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தை ஏற்க ஒரு நாள் பிடித்தது. சரி, கொண்டா என்றார்.

என்னிடம் இரண்டு சிடி இருந்தது. ஒன்று ரெட் ஹாட். இன்னொன்று மாண்ட்ரேக், அதாவது ரெட் ஹாட்டை எடுத்து, அதன்மேல் அழகான திரையும் எளிய கருவிகளும் சேர்த்து வேறு சிலர் வெளியிட்டது. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அக்கா மாண்ட்ரேக்கை ஓரமாகத் தள்ளினார். இன்னொருத்தர் சாமானை எடுத்து, பாலிஷ் போட்டு, வேறு பெயரில் விற்றால் அதற்கு மண்டி மொஹல்லாவில் என்ன பெயர் என்று தனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

எதற்கும் விவரம் தெரிந்தவர்களைக் கேட்போம் என்று, எங்கள் ஊர் லினக்ஸ் மின்னஞ்சல் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டேன். ஒருவர் கடிதம் போட்டால் நூற்று நாற்பது பேருக்கும் போகும். நான் செய்த தப்புகளில் இது முதலாவது.

எந்த லினக்ஸ் நல்லது என்ற அக்காவின் கேள்விக்கு ஸுஷ்மா என்ற பெண் மிகப் பொறுமையாகப் பதில் எழுதினார். புதியவர்களுக்கு மாண்ட்ரேக் சுலபம், தானும் அதைத்தான் வைத்திருப்பதாகச் சொன்னார். அக்கா அதற்கு, கவுண்டருக்கு வரும் ஏஜெண்டுக்குச் சொல்லும் பதிலைச் சொன்னார். நீங்கள் விற்பது டூப்ளிகேட், இதில் உங்களுக்கு எவ்வளவு கமிஷன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முழுக்க முழுக்கப் பெரிய எழுத்தில், கேபிடலில். உதிரிபாகக் கேட்டலாக்கில் எல்லாமே பெரிய எழுத்தில்தான் இருக்கும், அக்கா ஆங்கிலம் கற்றதும் அதிலிருந்துதான். தலைப்பில் 'அவசரம்' என்று வேறு போட்டார். கவுண்டரில் அவசரமில்லாதது எது?

குழு பற்றிக்கொண்டது. ஸ்லாக்வேர் என்ற வேறொரு லினக்ஸ் வைத்திருந்த ஒருவர், ஒரிஜினல் என்றால் எங்களுடையதுதான், இருப்பதிலேயே பழையது என்று மார்தட்டினார். உங்களுடையதே எஸ்.எல்.எஸ். என்ற இன்னொன்றைத் திருத்திச் செய்ததுதான் என்று அவரை வேறொருவர் மடக்கினார். அக்கா யாரையும் விடவில்லை. ஒரே காலையில் பதினொரு கடிதம். ஒவ்வொன்றின் வாலிலும் அதற்கு முன் வந்த எல்லாக் கடிதங்களும் அப்படியே தொங்கின. டெலிபோன் லைனில் நிமிஷக் கணக்கில் கடிதம் இறக்கும் காலம் அது. பதினோராவது கடிதம் இறங்க எனக்கே ஆறு நிமிஷம் ஆனது.

குழுவை நடத்தியவர் வாமன், ஒரு வங்கியில் குமாஸ்தா. அவர் குழுவின் விதிகளை அனுப்பினார். பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம். எதற்குப் பதில் சொல்கிறோமோ அந்த வரிகளை மட்டும் மேற்கோள் காட்டவும். விஷயத்தைப் பேசவும், ஆளைப் பேச வேண்டாம். கூடவே, இனி ஒரு வாரத்துக்கு அக்காவின் கடிதங்கள் தன் பார்வைக்கு வந்த பிறகே குழுவுக்குப் போகும் என்றும் எழுதியிருந்தார்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். "நல்ல ரூல்ஸுதான் கண்ணு. நம்ம கவுண்டர்ல எழுதி ஒட்டலாம். ஒட்டினா ஒரு மெக்கானிக்கும் வரமாட்டான்."

அந்தச் சனிக்கிழமை நஞ்சுண்டசாமி மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போனார். செவ்வாய்க்கிழமைதான் வருவார். அவர் திரும்புவதற்குள் கம்ப்யூட்டரைச் சுத்தமான ஒரிஜினலாக மாற்றி வைத்துவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். ஞாயிறு கடை மூடியிருந்தது. எனக்கும் சொல்லவில்லை. கடையிலேயே இருந்த என் ரெட் ஹாட் சிடியைப் போட்டார். ஒர்க்ஸ்டேஷனா, சர்வரா என்று திரை கேட்டது. எந்தச் சாமானிலும் எது கனமானதோ அதுதான் உழைக்கும் என்பது அவர் அனுபவம். சர்வர் என்றார். கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் வட்டில் இருப்பது எல்லாம் அழியும் என்று அது எச்சரித்தது. அந்தக் காப்பி விண்டோஸ் அழியட்டும் என்றுதானே இத்தனையும். சரி என்றார்.

அழுத்திய அடுத்த நிமிஷம் சந்து முழுவதும் கரண்ட் போனது.

கரண்ட் வந்தபோது விண்டோஸ் இல்லை. லினக்ஸும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. பட்டியலும் அதே வட்டில்தான் இருந்தது என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அதை முதலில் ஃபிளாப்பியில் எடுத்து வையுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டாவது தப்பு.

திங்கட்கிழமை கடை திறந்தது. மூவாயிரத்து நானூறு பெட்டிகள், எல்லாவற்றிலும் வெறும் எண். ஒருவர் ஹெட்லைட் பல்பு கேட்டார். அக்கா பதினேழு பெட்டிகளைத் திறந்து, பதினெட்டாவதில் செயின் கவர் எடுத்தார். எந்தச் சாமானையும் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லும் அந்த ஆள், ஏணியில் நின்றபடி பெட்டி பெட்டியாக முகர்ந்துகொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

இறங்கி வந்து சொன்னார்: "ஏழு மாசம் கண்ணு. ஓனரு என்ன நம்பி பெட்டிப் பேரெல்லாம் கிழிச்சாரு. நாளைக்கு வந்து வேலைய விட்டுப் போயிருன்னா, நானு எந்த மூஞ்சிய வெச்சுட்டு மாட்டேம்பேன்?"

வட்டு விஷயம் ஊரில் யாருக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்து ஒருவருக்குத்தான். ஸுஷ்மாவுக்கு.

தனியாக ஒரு கடிதம் போட்டுவிடுங்கள், யாருக்கும் தெரியாது என்று நான் யோசனை சொன்னேன். அக்கா என்னை ஏஜெண்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தப்பான சாமானை எல்லார் முன்னாலும் விற்றுவிட்டு, பின்வாசல் வழியாகத் திரும்ப வாங்குவது கடை நடத்துபவர்கள் செய்யும் காரியம் இல்லை என்றார். மாடிக்கு வந்தார். பழக்கதோஷத்தில் சுண்டுவிரல் கேப்ஸ் லாக்குக்கே போனது. மூன்றாவது முறை போனதும் கீழே இறங்கி ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து, அந்தப் பட்டனை மட்டும் நெம்பி எடுத்து ஜாக்கெட்டுக்குள் பர்ஸில் போட்டுக்கொண்டார். என் கீபோர்டு அது.

அவர் எழுதியதன் தமிழ் இது: "ஸுஷ்மா அவர்களுக்கு. உங்களைக் கமிஷன் வாங்குபவர் என்று எல்லார் முன்னாலும் எழுதினேன். அது தப்பு. எல்லார் முன்னாலும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். என் கடைப் பட்டியல் வட்டிலிருந்து போய்விட்டது. அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். பாதி அதற்காகத்தான்."

அதன் கீழே, நடந்ததை வரிசையாக, கரண்ட் போன நேரம் உட்பட எழுதினார். அரை மணி நேரத்தில் வாமன் ஒரு எழுத்தும் மாற்றாமல் அதைக் குழுவுக்கு விட்டார். மதியம் ஸுஷ்மாவின் பதில் வந்தது. நாலே வரி. அக்காவின் கடிதத்திலிருந்து கரண்ட் போன வரியை மட்டும் மேற்கோள் காட்டி, கம்ப்யூட்டரை அணைத்து வையுங்கள், அதில் எதையும் எழுதாதீர்கள், கடை எங்கே என்று கேட்டிருந்தார்.

நாலு மணிக்கு ஸுஷ்மா லூனா மொபெட்டில் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி, தோளில் ஜோல்னாப் பை. அக்கா கவுண்டர் பலகையைத் தூக்கி உள்ளே விட்டார். ஸுஷ்மாதான் முதலில் கேட்டார், "கமிஷன் கேட்டது நீங்கதானா?"

"நாந்தானுங்."

"எங்காத்துல எல்லாரும் கேக்கறா, எவ்வளவு வந்ததுன்னு."

அக்கா சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார்.

ஸுஷ்மா ஒரு ஃபிளாப்பியைப் போட்டு இயக்கினார். வட்டில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற எல்லைக் குறிப்புதான் அழிந்திருக்கிறது, உள்ளே இருப்பதைத் துடைக்கத் தொடங்கும் முன் கரண்ட் போயிருந்தால் பிழைக்கும் என்றார். பழையபடி வட்டு முழுவதும் ஒரே பகுதி என்று எல்லையை மறுபடி எழுதினார். பிறகு உள்ளே பார்த்தார். பட்டியல் இருந்தது.

அக்கா நம்பவில்லை. ஹெட்லைட் பல்பு எங்கே என்று தேடச் சொன்னார். ரேக் பதினொன்று, பெட்டி நாற்பது. ஏணியில் ஏறித் திறந்தார். பல்பு. ஏணியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பட்டியலை மூன்று ஃபிளாப்பியில் எடுத்து வைத்த பிறகு, பேச்சு மறுபடி மாண்ட்ரேக்குக்கு வந்தது. ஸுஷ்மா வாதாடவில்லை. சிடியைப் போட்டு, அதோடு வந்த குறிப்பைத் திறந்து காட்டினார். இது ரெட் ஹாட்டிலிருந்து எடுக்கப்பட்டது, அதில் நாங்கள் இன்னின்னதைச் சேர்த்தோம் என்று அதிலேயே எழுதியிருந்தது.

அக்கா குனிந்து விரலை வைத்துப் படித்தார். "டூப்ளிகேட்காரன் எங்கிருந்து எடுத்தேன்னு பெட்டி மேல எழுத மாட்டானுங்க," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு, "போடுங்கம்மணி. இதையே போடுங்க."

மாண்ட்ரேக் பாதி ஏறியிருக்கும்போது, ஒரு நாள் முன்னதாகவே, நஞ்சுண்டசாமி மொட்டைத் தலையும் விபூதியுமாக, கையில் லட்டுப் பையோடு வந்து நின்றார். தன் நாற்காலியில் யாரோ ஒரு பெண். திரையில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. ஏனம்மா இது, என்னம்மா இது என்று கன்னடத்தில் கேட்டார். அக்கா எழுந்து நின்று முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். காப்பி விண்டோஸ், சர்வர், கரண்ட், ஏணி, கமிஷன். எதையும் விடவில்லை. நானும் ஸுஷ்மாவும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில், "லிஸ்ட் இதெயா?" என்று மட்டும் கேட்டார்.

"இருக்குதுங்க. மூணு ஃபிளாப்பில இருக்குது."

நஞ்சுண்டசாமி ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். பிறகு வாசலைக் காட்டினார். ஒரு மெக்கானிக் அங்கே எவ்வளவு நேரமாகவோ நின்றுகொண்டிருந்தார். முதலில் அவருக்கு ஸ்பீடோமீட்டர் கேபிளைக் கொடு, அப்புறம் உன் கதை என்றார்.

கடைக் கம்ப்யூட்டரில் மாண்ட்ரேக் இன்னும் ஏறிக்கொண்டிருந்ததால், ஃபிளாப்பிகளை எடுத்துக்கொண்டு அக்கா மாடிப்படியில் ஓடினார். என் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடிவிட்டு, ரேக் இருபத்திரண்டு, பெட்டி ஏழு என்று ஜன்னல் வழியாகக் கீழே கத்தினார்.