மூன்று மாலை வண்டிகள்

12-3-1981 — 1
30-6-1990 — 9
14-11-2003 — 63
2-1-2015 — 158
22-10-2023 — 207

ஒரே தலைப்பை வேறு வேறு ஆசிரியர்கள் தங்கள் புத்தகத்துக்கு வைத்திருந்தால், அந்தத் தலைப்பு சந்தானத்தின் நோட்டில் ஒரு எண் பெறும். மேலே இருப்பது அந்தந்தத் தேதிவரை அவர் போட்ட கூட்டல்.

ஹவுரா சரக்கு நிலையத்தில் முப்பத்தாறு வருஷம் காணாமற்போன வேகன்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவர் அவர். அந்தக் காலத்தில் ஒரே எண்ணோடு இரண்டு வேகன்கள் ஓடும். ஒன்று ஒரு ரயில்வேயுடையது, மற்றது இன்னொன்றுடையது. சிமெண்டுக்குக் காத்திருந்த வியாபாரிக்கு முன்னால் கதவைத் திறந்தால் உப்பு இருக்கும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து எதையும் நம்பக்கூடாது என்பது அவருக்கு எலும்பில் ஊறியிருந்தது.

புத்தகத்தில் அது தொடங்கியது மனைவி வத்சலாவால். பாதி படித்த நாவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி அதையே வாங்கி வரச் சொல்லி அவரைத் தமிழ் மன்ற நூலகத்துக்கு அனுப்பினாள். வாங்கி வந்தார். நாற்பது பக்கம் படித்த பிறகு, “ஏன்னா, கதாநாயகன் எப்போ பேரை மாத்திண்டான்?” என்று கேட்டாள். தலைப்பு அதே, ஆசிரியர் வேறு. முதல் பதிவு அதுதான். அன்றுமுதல் தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, முதல் வாக்கியம் நான்கையும் எழுதி வைத்தார். மன்றத்துக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டே போனார்.

2023 நவம்பர் 22, புதன்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் எண்பத்தோரு வயது ஜலஜா. 1968-இல் ‘மாலை வண்டி’ என்று ஒரே ஒரு நாவல் எழுதியவர். வீடு மாறியதில் தன் பிரதி தொலைந்துவிட்டது. பதிப்பகம் என்றோ மூடியாயிற்று. மூன்று நூலகங்களுக்கு எழுதியதில் இரண்டு, சௌந்தரவல்லி எழுதிய ‘மாலை வண்டி’யின் முதல் பக்கங்களை நகலெடுத்து அனுப்பின, மூன்றாவது, தமிழரசன் என்பவரின் அதே தலைப்புள்ள கவிதைத் தொகுப்பை அனுப்பியது. அந்த மூன்றாவது நூலகத்துக்காரர்தான் சந்தானத்தின் நோட்டைப் பற்றிச் சொன்னாராம். கம்ப்யூட்டரில் தேடினாலும் சௌந்தரவல்லியின் பெயர்தான் வருகிறதாம். மகன் ஹரீஷ், யாரோ எழுதியதை அம்மா தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறாள், வயதானால் இப்படித்தான் என்று உறவினர்களிடம் சொல்லத் தொடங்கிவிட்டான். “என்னைப் பொய்க்காரி என்று யாரும் சொல்லவில்லை, பரிதாபப்படுகிறார்கள். அதுதான் தாங்கவில்லை” என்று முடித்திருந்தார்.

சந்தானம் நோட்டைப் புரட்டினார். பதிவு 41. மாலை வண்டி, மூன்று பேர், மூன்றும் மன்றத்தில் இருக்கின்றன. அன்று மாலையே பதில் போட்டார்: இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன்.

ஞாயிறு காலை கல்கத்தா கரியாஹாட் அருகே மன்றத்து மாடியில் போய்ப் பார்த்தால் அலமாரியில் ஒரே ஒரு ‘மாலை வண்டி’தான் இருந்தது. சௌந்தரவல்லியுடையது.

மன்றத்தின் புதுச் செயலாளர் மதுவந்தி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் கல்கத்தா, சாஃப்ட்வேர் வேலை, வங்காளம் சரளம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். சந்தானத்தைப் பெரியப்பா முறையில் ‘ஜேட்டு’ என்றே கூப்பிடுவாள். இடம் போதவில்லை என்று புத்தகத் தலைப்புகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் எக்செலில் ஏற்றி, டூப்ளிகேட்களை நீக்கச் சொல்லியிருக்கிறாள். எக்செல் கச்சிதமாக நீக்கியது. வியாழக்கிழமை 214 புத்தகங்கள் பழைய பேப்பர் வாங்கும் பிக்ரிவாலாவின் தள்ளுவண்டியில் போய்விட்டன.

விஷயம் புரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒரே பேரை மூணு பேர் வெச்சா எக்செல் என்ன பண்ணும், ஜேட்டு? எழுதறதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்க மாட்டாங்களா?”

“உப்பா சிமெண்டான்னு அப்புறம் சண்டை போடலாம். முதல்ல வேகன் எங்கேன்னு பாரு,” என்றார் சந்தானம்.

போன் போட்டாள். ஜாதவ்பூர் ஸ்டேஷன் ஓரம் காகிதப் பொட்டலம் ஒட்டும் ஒரு வீட்டில் மொத்தத்தையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னான் பிக்ரிவாலா. எழுபத்தேழு வயதில் சந்தானம் முதல்முறையாக, அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். நோட்டை இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்ததால் பிடிமானம் ஏதும் இல்லை. பதினோரு மணி இருபது நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லோரும் மாஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அந்த வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தாள். சுவரோரம் தமிழ்ப் புத்தகங்கள் மலையாகக் கிடந்தன. முக்கால்வாசி அட்டை உரிந்தவை. சந்தானம் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். தமிழரசனின் கவிதைகள் முழுசாக அகப்பட்டன. பிறகு அட்டையும் முதல் தாள்களும் போன ஒரு புத்தகம். ஒன்றாம் பக்கம் மட்டும் மேலே தெரிந்தது. நோட்டைப் பிரித்துச் சத்தமாக வாசித்தார்:

“‘வண்டி இன்னும் வரவில்லை, வழியனுப்ப வந்தவர்கள் போய்விட்டார்கள்.’ பக்கம் 184.”

முதல் வரி அதேதான். மதுவந்தி கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். 184. அவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். மாஷிக்கும் என்னவென்று தெரியாமலே சிரிப்பு வந்தது.

சந்தானத்துக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. ஆசிரியர் பெயர் இருந்த தாள் இல்லை. பெயர் இல்லாத ‘மாலை வண்டி’யை அனுப்பி என்ன பயன்? ஹரீஷ் அதையும் சௌந்தரவல்லி கணக்கில் சேர்த்துவிடுவான். முதல் தாள்களெல்லாம் காலையிலேயே பொட்டலமாகி, ஒன்றாம் பிளாட்பாரக் கடலைக்காரனிடம் போய்விட்டதாக மாஷி சொன்னாள்.

ஓடினார்கள். கடலைக்காரனின் கூடையில் பொட்டலங்கள் நூலில் கோத்துத் தொங்கின. சந்தானம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். கடலைக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு, “கடலை வேணுமா, படிக்கணுமா, தாதா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான். அறுபது பொட்டலம் பார்த்தாயிற்று. ஜலஜா இல்லை.

அப்போது கான்னிங் லோக்கல் வருவதாக அறிவித்தார்கள். பெஞ்சில் கடலை தின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். அவள் கையிலிருந்த பொட்டலத்தில் பெரிய எழுத்தில் ‘மாலை வ’ என்று இருந்தது. அதற்குமேல் மடிப்பு.

சந்தானம் அதை நோக்கிக் கையை நீட்டினார். மதுவந்தி பாய்ந்து போய்த் தன் துப்பட்டா நுனியை விரித்து வங்காளத்தில் சொன்னாள்: “அக்கா, கடலை உனக்கு, காகிதம் எங்களுக்கு. அதில் ஒருத்தருடைய பெயர் இருக்கிறது.” அந்தப் பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கடலையைத் துப்பட்டாவில் கொட்டாமல் தன் கைப்பையிலேயே கொட்டிக்கொண்டு, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வண்டியேறினாள்.

பசையை ஈரத்துணியால் நீவி மெல்லப் பிரித்தார் சந்தானம். உள்மடிப்பில் இரண்டு உப்புக் கற்களோடு, கொஞ்சமும் கிழியாமல், ‘ஜலஜா’ என்று இருந்தது. அதை மதுவந்தி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை புத்தகம் பதிவுத் தபாலில் போயிற்று. சௌந்தரவல்லியின் புத்தகத்தையும் துணைக்கு அனுப்பச் சொன்னவள் மதுவந்தி. டிசம்பரில் ஜலஜாவின் இரண்டாவது கடிதம் வந்தது. ஹரீஷ் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டான் என்று நாலே வரி. அதன்பின் ஒரு மாதம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது கடிதத்தை மதுவந்திதான் பிரித்தாள். தட்டுத் தடுமாறி, சிரித்துக்கொண்டே வாசித்தாள்:

“இரண்டு மாலை வண்டிகளையும் படித்து முடித்தேன். என்னுடையது நான் நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு இல்லை. அந்த அம்மாள் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாள். நேற்று வீட்டுக்கு வந்தவர்களிடம், படிப்பதானால் அவளுடையதைப் படியுங்கள் என்று நானே சொன்னேன். எழுதியவள் சொல்வதால் எல்லோரும் நம்பினார்கள்.”

அதுவே ஜலஜாவின் கடைசிக் கடிதம். வந்து சேர்ந்தது 2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை.