கதவு தட்டும் சத்தம்

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்த காலத்தில், போலீஸ் லத்தியால் தரையைத் தட்டினால் பையோடு எழுந்து ஓட வேண்டும். பிறகு ஒரு தொண்டு நிறுவனம் குரோம்பேட்டையில் எனக்கென்று ஓர் அறையும் சமையல் சாமானும் கொடுத்தது. பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் பையிலேயே கட்டி வைத்திருந்தேன்.

ஒருநாள் காலை யாரோ கதவைத் தட்டினார்கள். பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து, தலை நிமிராமல், "இதோ போய்டறேன் சார், அடிக்காதீங்க" என்றேன்.

நின்றவள் பக்கத்து அறைக்காரி, கையில் டம்ளர். "எங்கக்கா கெளம்பிட்ட? கொஞ்சம் சக்கரை இருந்தா குடேன்."

சர்க்கரை பைக்குள் இருந்தது. முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன். என்னிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டு வந்து எத்தனை வருஷமாயிற்று!

இன்றும் கதவு தட்டினால் கை பையைத்தான் தேடுகிறது. அது ஆணியில் காலியாகத் தொங்குகிறது.