மூன்று விரல் வளையம்

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், கல் உடைக்கும் கம்பெனி ஒன்றின் ஒர்க்‌ஷாப்பில் பாலகுரு இரும்பு கடையும் லேத் ஓட்டினார். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர். இயல்பிலேயே பேச்சு குறைவு. ஹிந்தி வராததால் இங்கே இன்னும் குறைந்துபோனது. கௌஸ் முகைதீன் ஒருவரோடுதான் பழக்கம், அதுவும் லேத்தின் குறுக்கே.

கல்லைச் சுமந்து செல்லும் கன்வேயரின் உருளைகளுக்கான ஷாஃப்டுகள், ஆள் உயரத்துக்கும் மேல் நீளமான இரும்புத் தண்டுகள். இரு முனைகளையும் பிடித்துச் சுழற்றினால் நடுவில் வளைந்து துள்ளும். கடைசல் அலையலையாக விழும். அதனால் கீழக்கரைக்காரரான கௌஸ், லேத்துக்கு அந்தப் பக்கம் நின்று, எண்ணெய் தடவிய மரக்கட்டையால் ஷாஃப்டின் நடுவை அழுத்திப் பிடிப்பார். பிடித்தபடியே நாள் முழுக்கப் பேசுவார்.

"உம் மூஞ்சியவே பாத்து நின்னு எம் பொண்டாட்டி மொகம் மறந்துபோச்சு மாப்ள."

"அவங்களுக்கு நல்லதுதான பாய்."

ஷாஃப்டைத் தாங்க ஒரு வளையம் செய்துகொள்ளலாம் என்பது பாலகுருவுக்கு வந்த புதிதிலேயே தெரியும். செய்யவில்லை. வளையம் வந்தால் எதிரில் ஆள் தேவைப்படாது.

இரண்டாயிரத்து ஐந்து கோடையில் கௌஸின் வலது மணிக்கட்டு வீங்கியது. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டார். "சுளுக்குத்தான்" என்றார். ஒரு நாள் கட்டை நழுவியதில் சட்டைக் கையை ஷாஃப்ட் சுற்றி இழுத்துக் கிழித்தது. பாலகுரு லேத்தை நிறுத்தினார்.

அன்று மதியமே ஒரு தடித்த பழைய குழாயிலிருந்து வளையம் அறுத்தார். இரண்டாகப் பிளந்து, கீல் வைத்து, திறந்து மூடும்படி செய்தார். உள்நோக்கி, விரல்கள் போல மூன்று போல்ட். நுனிகளில் பித்தளைத் துண்டு. அடியில், லேத்தோடு இறுக்க ஒரு தகடு. கௌஸ் இடது கையால் சாமான்களை எடுத்துக் கொடுத்தார்.

"எனக்கே வேட்டு வைக்கிறியா மாப்ள?"

"கை வேணும்ல பாய்."

பித்தளை விரல்கள் உட்கார, ஷாஃப்டின் நடுவில் ஒரு பட்டையை முதலில் சீராகக் கடைய வேண்டும். அதற்கு மட்டும் கௌஸ் கட்டையை இடது கையால் பிடித்தார். பிறகு வளையத்தை மூடி, விரல்கள் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்து, எண்ணெய் விட்டு ஓட்டினார்கள். ஷாஃப்ட் ஆடவே இல்லை.

போர்மேன் வந்து பார்த்தார். ஹிந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

"என்ன சொல்றாரு பாய்?"

"சாமான் நல்லாருக்காம்." கௌஸ் கையைத் துடைத்தார். "நாளையிலேருந்து நான் மலையில கல்லு ஒடைக்கிற க்ரஷருக்குப் போவணுமாம். பட்டன் அமுக்குற வேலை. தங்குற கேம்பும் அங்கனயேதான்."

அதற்குப் பிறகு பாலகுருவின் எதிரே வெறும் சுவர்தான். ஷாஃப்ட் சத்தமில்லாமல் சுழன்றது.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"ஷாஃப்டு நிக்கிதா மாப்ள?"

"நிக்கிது."

"ஆடலையே?"

"ஆடல. கை எப்படி?"

"வத்திருச்சு." கௌஸ் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினார். "இங்க மெஷின் சத்தத்துல எவனும் வாயே தொறக்குறதில்ல. நீ ஏதாச்சும் பேசேன்."

பாலகுரு போனை மறுகாதுக்கு மாற்றினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேத்து ஒரு ஷாஃப்ட் வந்துச்சு பாய்" என்று ஆரம்பித்தார்.