பயணிகளுக்குக் கேட்காத வணக்கம்

வீட்டில் ஏதாவது முக்கியமாகப் பேச வேண்டுமென்றால் அம்மாவின் வலது கட்டைவிரல்தான் முதலில் கிளம்பும். சாப்பாட்டு மேசையின் விளிம்புக்கு அடியில் போய், மரத்தை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்து, அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே திரும்பும். அப்புறம்தான் வாய் திறக்கும். அப்பாவைத் திட்டுவதாக இருந்தால் இரண்டு முறை தடவும். அம்மா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அங்கே மேசைக்கு அடியிலிருக்கும் மைக் சுவிட்சைத் தட்டித் தட்டி விரல் அப்படிப் பழகிவிட்டது என்றுதான் மகள் நினைத்திருந்தாள்.

அம்மா மைக்கில் பேசினால் ஓடுகிறவர்கள் நிற்பார்கள், நிற்கிறவர்கள் ஓடுவார்கள். அந்தக் குரலில் ஒரு சொட்டுகூட மகளுக்கு வரவில்லை. ஓட்டும் கை மட்டும் பேருந்து ஓட்டுநரான அப்பாவிடமிருந்து வந்திருந்தது. அவள் விமானி ஆனாள்.

இரண்டு பக்கமும் விசிறி சுழலும் சின்ன விமானம். கேப்டனுக்கு வலப்பக்கம் அவளுடைய இருக்கை. ஆள் கொஞ்சம் குள்ளம் என்பதால் முதுகுக்கு ஒரு தலையணை தேவைப்பட்டது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிய முதல் வாரத்தில் ஒரு பெரியவர், "ஏம்மா, எனக்கும் ஒண்ணு குடேன்" என்றார். அவள்தான் விமானி என்று பணிப்பெண் சொன்னதும், விமானம் நகர்வதற்கு முன்பே பெல்ட்டை இறுக்கிக்கொண்டார்.

ஓட்டுவதில் குறையில்லை. கட்டுப்பாட்டு அறையோடு ரேடியோவில் பேசும்போதும் சொற்கள் கத்தரித்த மாதிரி வந்து விழும். பயணிகளுக்கு அறிவிப்பு என்றால்தான் தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திவிடுவார்கள். முதல்முறை அவள் வணக்கம் சொன்னபோது ஒரு பாட்டியம்மா பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "உள்ள யாரும்மா அழறது?" என்று கேட்டிருக்கிறார்.

அவளைச் சோதிக்கும் கேப்டனுக்கு 'அரைவார்த்தை' என்று பட்டப்பெயர். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டார். "லேண்டிங் ஓகே. ரேடியோ ஓகே. பயணிகள்கிட்டதான்..." என்று இழுத்துக் கையை விரித்தார். அந்தக் கைவிரிப்பில் பயிற்சி ஒருமுறை நீண்டுவிட்டது. அடுத்த சோதனையிலும் கை விரிந்தால் நிறுவனம் வேறு ஆளைப் பார்க்கும்.

சமையலறையில் ஒத்திகை தொடங்கியது. முக்காலியில் அம்மா, அரிசி டின் மேல் அப்பா. அப்பா துண்டை இடுப்பில் பெல்ட்டாகக் கட்டிக்கொண்டார்.

"வ... வணக்கம்..."

"யாரைப் பார்த்துடி பயம்? உங்கப்பாவையா? அவருக்கு நானே பயப்பட்டதில்ல."

"அம்மா, சிரிப்பு காட்டாத."

"பின்ன? மன்னிப்பு கேக்குற மாதிரியே பேசுறியே. என்ன தப்பு பண்ண நீ?"

"ஏம்மா விமானி," என்றார் அப்பா, "என் சீட்டுல அரிசி குத்துது."

அம்மாவின் விரல் முக்காலிக்கு அடியில் இரண்டு முறை போய்வந்தது. "நீங்க சும்மா இருங்க. இந்தாடி, அந்த சோதனை அன்னிக்கு நானும் ஏறுறேன். பின்னால உன் அம்மா ஒருத்திதான் இருக்கேன்னு நெனச்சுப் பேசு."

அதுவரை விமானத்தில் கால் வைக்காத அம்மா சொன்னபடி ஏறி உட்கார்ந்தாள், கைப்பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு. விமானம் மேலெழுந்து மேகத்தைத் தாண்டியது. வெளிச்சம் இப்போதுதான் துவைத்துக் காயப்போட்டது போல் இருந்தது. கேப்டன் தலையை அசைத்தார். 'பேசு' என்று அர்த்தம்.

அவள் பொத்தானை அழுத்தினாள். மனதில் முக்காலி, அரிசி டின், துண்டு.

"எல்லாருக்கும் வணக்கம். உங்க துணை விமானி பேசுறேன். வலதுபக்கம் உட்கார்ந்திருக்கவங்க ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க, ஆறு எவ்வளவு அழகா வளையுதுன்னு தெரியும். பெல்ட்டை மட்டும் கழட்டிடாதீங்க. எங்கம்மா இன்னிக்குத்தான் முதல்முறையா பறக்குறாங்க. அவங்களுக்காக வண்டியை மெதுவா ஓட்டுறோம்."

குரல் வழுக்கிக்கொண்டு வந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

பிறகு காதில் கட்டுப்பாட்டு அறையின் குரல்: "ரொம்ப நன்றிங்க. எங்க ரூம்ல வலதுபக்கம் சுவருதான் இருக்கு. இருந்தாலும் பெல்ட் போட்டுக்கிட்டோம்."

எங்கோ பறந்துகொண்டிருந்த இன்னொரு விமானி கேட்டார்: "காபி எப்ப வரும்னு சொல்லவே இல்லையே?"

பேசும் பொத்தான் ஒன்றுதான். பேச்சு ரேடியோவுக்குப் போவதா, பயணிகளுக்குப் போவதா என்பதை அதன் பக்கத்திலிருக்கும் திருகுதான் முடிவு செய்யும். அது ரேடியோவிலேயே நின்றிருந்தது. வானத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள், அம்மாவையும் மற்ற பயணிகளையும் தவிர.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். கேப்டன் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. "திருகு..." என்றார்.

திருகினாள். மறுபடி பேசினாள். பயப்படுவதற்கு இனி என்ன மிச்சமிருக்கிறது? 'எங்கம்மா' என்று வந்த இடத்தில் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பின்னாலிருந்து பயணிகளின் சிரிப்பு கதவைத் தாண்டி வந்தது.

இறங்கியதும் கேப்டன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "லேண்டிங் ஓகே. ரேடியோ ரொம்பவே ஓகே. நாளையிலிருந்து நீ டிரெய்னி இல்லை." அவர் முழுதாக முடித்து அவள் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

அம்மா படிக்கட்டடியில் காத்திருந்தாள். "குரல் எடுபட்டுச்சுடி. நடுவுல ஏன் சிரிச்ச?"

மகள் நடந்ததைச் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். அம்மாவோ திட்டவுமில்லை, சிரிக்கவுமில்லை. கட்டைவிரல் கைப்பைக்கு அடியில் போய்த் தடவியது. "சரி சரி, இதெல்லாம் நடக்கிறதுதான். வா, உங்கப்பா காத்துக்கிட்டிருப்பார்" என்று வேகமாக நடந்தாள்.

அந்த வேகத்துக்குக் காரணம், அம்மா ஓய்வுபெற்ற நாளில் அவளோடு வேலை பார்த்த டிக்கெட்காரர் சொல்லித்தான் மகளுக்குத் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அம்மா சுவிட்சை அணைக்க மறந்து, பக்கத்துச் சீட்டுத் தோழியிடம் சொன்னது பேருந்து நிலையம் முழுக்கக் கேட்டிருக்கிறது: "மூணாம் நடைமேடை டிரைவர் பார்க்க நல்லாத்தான் இருக்கார். அந்த மீசையை மட்டும் எடுத்துட்டா தேவலை."

மறுநாள் காலை அப்பா மீசையில்லாமல் வந்து வண்டியை எடுத்தாராம்.