நம்பாதவள் வாசித்த அத்தியாயம்

சர்க்கரையால் ஆரோக்கியம்மாளின் கண் மங்கிப்போனபோது, வேதப் புத்தகத்தை வாசித்துக் காட்டும் வேலை மருமகள் எழிலரசியின் தலையில் விழுந்தது. எழிலரசிக்கோ எந்தச் சாமியிலும் நம்பிக்கை கிடையாது. கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் தண்ணீரைச் சோதிப்பவள் அவள். நிரூபிக்காத எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள். கீரப்பாளையத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, 2004இல் சார்லஸைக் காதலித்து, சிதம்பரம் ரிஜிஸ்தர் ஆபீசில் தாலியும் இல்லாமல் மோதிரமும் இல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள்.

"படிக்கிறேன் அத்தை. ஆனா நம்பச் சொல்லக் கூடாது."

"நீ படி. நம்புறத நான் பாத்துக்கறேன்," என்றாள் ஆரோக்கியம்மாள்.

எழிலரசி சும்மா வாசித்துவிட்டுப் போகிறவளும் இல்லை. கடல் பிளந்தது என்று வந்தால் சிரிப்பாள். "பெத்த புள்ளைய வெட்டச் சொன்னா அது என்னா சாமி?" என்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போன நாளும் உண்டு.

2009இல் சார்லஸ் ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் பைக் சறுக்கி இறந்துபோனான். குழந்தை இல்லை. புத்தகம் பல மாதம் அலமாரியிலேயே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழிலரசியாகவே அதை எடுத்தாள்.

அன்று வந்தது ஒரு மருமகளின் கதை. வேறு சனம், வேறு சாமி. புருஷன் செத்துவிட்டான். மாமியார் அவளைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். அவள் அசையவில்லை.

எழிலரசி அந்த இடத்தை இன்னொரு தடவை வாசித்தாள். இதில் வானம் திறக்கவில்லை, செத்தவன் எழுந்து வரவில்லை. ரத்த உறவு கூட இல்லாத ஒருத்தியை விட்டு ஒருத்தி போக மறுக்கிறாள், அவ்வளவுதான். இதை ஒப்புக்கொள்ள எந்தச் சாமியும் தேவைப்படவில்லை.

"அவ மாமியாரோட சாமியையும் ஏத்துக்கிட்டா, பாத்தியா?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"அது அவ இஷ்டம். எனக்கு அந்தப் பாதி வேணாம் அத்தை. இந்தப் பாதி போதும்."

2011 டிசம்பர் கடைசியில் வந்த தானே புயல் வீட்டுக் கூரையைப் பிய்த்து எறிந்தது. மூன்றாம் நாள் எழிலரசியின் அண்ணன் கொளஞ்சியப்பன் மினி வேனோடு வந்து நின்றான். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு அவன் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை.

"சாமான எடுத்து வை எழிலு. அம்மா உன்ன கூட்டியாரச் சொல்லிச்சி."

"அத்தைய?"

"அவுங்கள சர்ச்சுக்காரங்க பாத்துக்குவாங்க. ஹோம் எதுனா இருக்கும்."

ஈரச் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஆரோக்கியம்மாள், "போ எழிலு. உனக்கு முப்பத்திரண்டுதான் ஆவுது," என்றாள். குரல் நடுங்கவில்லை.

எழிலரசிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு பேருமா சேந்து என்ன தள்ளி விடப் பாக்கறீங்களா? ண்ணே, வேன்ல ரெண்டு பேருக்கு எடம் இருந்தா வரேன். இல்லன்னா நீ கெளம்பு."

"அவுங்க சாமி வேற, நம்ம சாமி வேறடி!"

"எனக்குச் சாமியே இல்லையே. அப்பறம் எதுக்கு என்ன இழுக்கற?"

கொளஞ்சியப்பன் வண்டியை எடுத்தான். எழிலரசி பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி, தானே ஏறித் தார்ப்பாய் கட்டினாள்.

மறு வருஷம் கண் ஆபரேஷனுக்காக ஆரோக்கியம்மாளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரிக் கவுன்டரில் இருந்தவர் பாரத்தை நிரப்பினார்.

"நீங்க யாரும்மா?"

"மருமக."

"வீட்டுக்காரர் கையெழுத்து?"

"அவர் இல்ல. நான் போடறேன்."

"மதம்?"

"அவுங்களுக்கு கிறிஸ்டியன்னு எழுதுங்க. எனக்குக் கேட்டா கோடு போடுங்க."

அவர் பேனாவை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் எப்படி ஒரே வீட்டுல காலம் தள்றீங்க?"

எழிலரசி வாய் திறப்பதற்குள் ஆரோக்கியம்மாள் முந்திக்கொண்டாள்.

"தெனம் சண்டதான். உங்களுக்கு என்னா சார் அதுல?"